பல்லில் ஏறிய பழி!

நாட்டிலே தீர்க்கவேண்டிய கேடுகள் மலையெனக் குவிந்து கிடக்கும்போது, பல்லின் நிறத்தைப் பற்றியா பேசவந்தீர்கள் என்று நம்மைக் கேட்கும் தோழர்கள் இருப்பர். கேட்கட்டும். மனிதனை மனிதன் தாழ்த்துவதற்குத் தோலின் நிறம் போதுமானதாக இருந்திருக்கிறது. பிறந்த தெருவின் பெயர் போதுமானதாக இருந்திருக்கிறது. பெண்ணாகப் பிறந்தது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. இவ்வளவு அற்பமான காரணங்களைக் கொண்டு இவ்வளவு பெரிய கொடுமைகளைக் கட்டி எழுப்பிய சமுதாயத்தில், எந்தக் காரணத்தையும் அற்பமென்று தள்ளிவிட நமக்கு மனம் வருவதில்லை.

குன்னம் என்றோர் ஊர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் வழியில் உள்ளது. வட்டத் தலைநகர், அதன் பெயரால் ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மண். அந்த வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பெண்ணை மனக்கண்ணால் காண்போம். பட்டம் பெற்றவள். விடுமுறை நாளில் தாயோடு பருத்தி எடுக்கப் போகிறவள். வெற்றிலை போட்டவளல்லள், புகையிலை தொட்டவளல்லள். காலையும் மாலையும் பல் துலக்கத் தவறியவளல்லள். ஆயினும் அவள் முன்பற்களிலே பழுப்புக் கோடுகள். இடையிடையே சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டுகள். சிறு வயது முதல் உடன் வளர்ந்த கறை. எத்தனை தேய்த்தாலும் போகாத கறை.

திருமணப் பேச்சு எழுகிறது. படம் பிடிப்பவர், “வாயை மூடிக்கிட்டே சிரிம்மா” என்கிறார். பெண் பார்க்க வந்தோர் பலகாரம் உண்டு, காப்பி பருகி, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்” என்று எழுகின்றனர். சொல்லி அனுப்புவதில்லை. பல்லைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கூறவில்லை. ஆனால் தாய்க்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். நகரத்துப் பல் மருத்துவரிடம் போனால் வெண்மையாக்கித் தருவாராம். பல ஆயிரம் ஆகுமாம். அல்லது கைப்பேசியில் யாரோ காட்டுவதுபோல் எலுமிச்சைச் சாற்றைச் சோடா உப்பிலே குழைத்துத் தேய்த்துப் பார்க்கலாமாம்.

அவள் செய்துகொள்ளலாமா? செய்துகொண்டால் அது தன்மானத்துக்கு இழுக்கா? செய்துகொள்ளாதே என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? கேள்வி சிறிதுபோல் தோன்றும். பிடித்து இழுத்துப் பாருங்கள், எத்தனை வேர்கள் கூடவே வருகின்றன என்று!

முதலில் பொருளை அறிவோம். அறியாமல் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் பக்தர்களின் வேலை.

பல்லின் மேலுறையாகிய எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம். அது வெள்ளைச் சுவரன்று. ஒளி ஊடுருவும் பளிங்கு போன்றது. அதன் கீழே டென்டைன் என்னும் மஞ்சள் நிறப் பகுதி. அந்த மஞ்சள் மேலுறை வழியே தெரிவதுதான் பல்லின் இயற்கை நிறம். வயது ஏற ஏற மேலுறை தேயும், உள்ளிருப்பது தடிக்கும், மஞ்சள் கூடும். ஆகவே, நலமான மனிதனின் நலமான பல், சுண்ணாம்புச் சுவர்போல் வெளுத்திருப்பதில்லை. இது இயற்கை; குறையன்று.

மருத்துவர் செய்வது என்ன? ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற பொருள் எனாமலின் நுண்ணிய இடைவெளிகளில் புகுந்து, அங்கே தங்கியுள்ள நிறப் பொருள்களின் மூலக்கூறுகளை உடைத்து நிறமிழக்கச் செய்கிறது. நாற்காலியில் அமர்த்தி, ஈறு புண்ணாகாதபடி மறைப்பிட்டு, 25 முதல் 40 சதவிகிதம் வரை செறிவுள்ள மருந்தைப் பல்லிலே பூசுவது ஒரு முறை. சிலர் நீல விளக்கொன்றையும் வாய்க்கு நேரே நிறுத்துவர். அந்த விளக்கால் பெரிய பயன் ஏதுமில்லை என்றே ஆராய்ந்தவர்கள் பலரும் கண்டுள்ளனர். ஆனாலும் விளக்கு வேண்டுமல்லவா? தீபாராதனை இல்லாமல் தட்டிலே காசு விழுமா!

மற்றொன்று, வீட்டிலே செய்துகொள்ளும் முறை. வாய்க்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய தட்டிலே, 10 சதவிகிதக் கார்பமைடு பெராக்சைடு களிம்பை இட்டு, இரவில் பல்வரிசைமீது அணிந்து உறங்குவது. அமெரிக்கப் பல் மருத்துவர்களான ஹேவுட், ஹேமன் இருவரும் 1989இல் எழுதி வெளியிட்ட பின்னர் உலகெங்கும் பரவிய முறை இது. அந்தக் களிம்பு தருவது ஏறத்தாழ 3.5 சதவிகித ஹைட்ரஜன் பெராக்சைடுதான். ஆகவே மெல்ல வேலை செய்யும். இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சில நாள் பல் கூசும், ஈறு எரியும், பிறகு அடங்கும். மருத்துவர் மேற்பார்வையில் அளவோடு செய்தால் பெருந்தீங்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், 0.1 சதவிகிதத்துக்கு மேல் பெராக்சைடு கொண்ட வெளுப்புப் பொருளைக் கடையிலே விற்கலாகாது, 6 சதவிகிதம் வரை பல் மருத்துவர் வழியாக மட்டுமே தரலாம், 18 வயதுக்குக் குறைந்தோர்க்குக் கூடாது என்று 2012 முதல் நடைமுறை. பொதுமக்களின் வாயைச் சந்தைக்கு எறிந்துவிடாத சட்டம், பாராட்டுவோம்.

ஆனால், கைப்பேசி வைத்தியம்? எலுமிச்சை அமிலம் எனாமலைக் கரைக்கும். செங்கல் தூளும், உப்பும், கரித்தூளும் அதை அராவும். எனாமல் மயிரன்று, நகமன்று, போனால் மீண்டும் முளைக்க. மேலுறை தேயத் தேயக் கீழிருக்கும் மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியும். வெண்மையைத் தேடித் தேய்த்தவள் மஞ்சளைத் தேடிக்கொள்கிறாள்! இயற்கையானது, மூதாதையர் செய்தது என்ற ஒரே காரணத்தால் இத்தகைய முறைகளைப் போற்றுவோர் உளர். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற முதுமொழியைக்கூடச் சான்றுக்கு இழுப்பர். அம்மொழி உறுதியைப் பேசுகிறது, வெளுப்பைப் பேசவில்லை. பாட்டன் செய்ததும் பட்டறிவால் சோதிக்கப்படவேண்டியதே. புகையிலை கலந்த பற்பொடியும் நம் வீடுகளில் வாழையடி வாழையாக இருந்ததுதான். 1992இல் இந்திய அரசு பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கூடாதென்று தடுத்தது. பழமை என்று அதை விட்டுவைத்தார்களா?

வெள்ளைப் பல்தான் அழகு என்பதாவது உலகம் முழுவதும் ஒப்பிய உண்மையா? அதுவும் இல்லை. ஜப்பானிலே மணமான பெண்கள் இரும்புக் கரைசலையும் காய்த்துவர்ப்பையும் கலந்து பூசிப் பற்களைக் கருமையாக்கிக்கொண்டனர். பல நூற்றாண்டு நிலவிய அழகு அது. 1870இல் உயர்குடியினர்க்கு அரசு அதைத் தடை செய்தது. 1873இல் பேரரசியார் வெண்பல்லுடன் வெளிவந்தார். நாட்டின் கண் மாறத் தொடங்கிற்று. வடநாட்டிலும் தக்காணத்திலும் மிஸ்ஸி என்ற பொடியால் பல்லிடுக்கைக் கருமையாக்குவது மணப்பெண்ணின் ஒப்பனை. நம் ஊரிலேயோ, முத்தும் முல்லையரும்பும் புலவர் வாயில் இருந்தன. வெற்றிலைச் சிவப்பு மக்கள் வாயில் இருந்தது. ஆகவே, எந்த நிறம் அழகு என்பதை எனாமல் முடிவு செய்வதில்லை. அதிகாரம் உள்ள கண்கள் முடிவு செய்கின்றன.

இன்று அந்தக் கண் யாருடையது? பல் மருத்துவரிடம் 16 நிறப் படிகள் கொண்ட ஓர் அட்டவணை உண்டு. செயற்கைப் பல் பொருத்துங்கால் இயற்கைப் பல்லோடு ஒத்துப்பார்க்க ஏற்பட்டது. இப்போது அந்தப் 16க்கு மேலே, இயற்கையில் எளிதில் காணமுடியாத வெளுத்த படிகளையும் சேர்த்துவிட்டார்கள். திரைப்பட முகங்களும் விளம்பரப் பலகைகளும் அவற்றையே காட்டுகின்றன. மேனி நிறத்திலே இதே விளையாட்டை நாம் கண்டோம். 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொள்ள 2020 வரை ஆயிற்று. சொல்லை நீக்கினர், சொல் விதைத்த நினைப்பை யார் நீக்குவது?

வேறொரு பல்லையும் இங்கே நினைவூட்டுவோம். குன்னம் இருக்கும் அதே பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றோர் ஊர் உண்டு. மழைநீர் அரித்த செம்மண் மேடுகளுக்கிடையே, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலையடித்த கடலின் சுறாக்கள் உதிர்த்த பற்கள் கல்லாகிக் கிடைக்கின்றன. புராணக்காரர் கண்ணில் பட்டிருந்தால் ஓர் அசுரனைக் கொன்று ஒரு தலத்தை எழுப்பியிருப்பார். நிலவியல் அறிஞர் கண்ணில் பட்டதால் நமக்கொரு கடல் கிடைத்தது! சுறாவின் பல்லுறை ஃபுளூரைடு கலந்த கனிமம், அவ்வளவு வன்மை. கடல் வற்றிற்று, மண் மேடாயிற்று, அந்தப் பல் அழியவில்லை. நிறம் மட்டும் பழுப்பு.

ஃபுளூரைடு என்ற சொல் வந்துவிட்டது. குன்னத்துப் பெண்ணாக நாம் கற்பனை செய்தவளின் பல்லில் இருக்கும் கறைக்கும் அதுவே பெயர். ஆனால் அறிவியல் அப்பெயரைக் கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்பே இந்த நாட்டில் அந்தக் கறைக்கு வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள். பாவம் என்பது அப்பெயர்.

மனு நூலின் பதினோராம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். இப்பிறவியிலோ முற்பிறவியிலோ செய்த பாவம் உடலில் அடையாளமாக வெளிப்படும் என்று கூறி, அங்கே ஒரு பட்டியல் போடப்பட்டிருக்கிறது. பொன்னைத் திருடியவனுக்குக் கெட்ட நகம். சுரை என்னும் கள்ளைக் குடித்தவனுக்குக் கறுத்த பல்! மூன்றாம் அத்தியாயத்தில், சிராத்தத்துக்கு அழைக்கலாகாதவர் வரிசையிலே கறுத்த பல்லுடையான் நிற்கிறான். அதே அத்தியாயத்தில், மணக்கத்தக்க பெண்ணின் இலக்கணம் கூறுமிடத்தில் அவள் பல்லின் அளவும் பேசப்படுகிறது. தைத்திரீய சங்கிதையோ, மாதவிலக்கு நாளில் பல் துலக்கும் பெண்ணுக்குக் கறுத்த பல்லுடைய மகன் பிறப்பான் என்கிறது. கறை மகன் பல்லில். குற்றம் தாய் மேல்! துலக்காவிட்டால் அழுக்கு, துலக்கினால் பாவம். பெண்ணுக்கு இவர்கள் திறந்து வைத்த வழி எது என்று கேட்கிறோம்.

இதையெல்லாம் இன்று யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். படிப்பவர் சிலரே. ஆனால் “எந்தப் பிறவியில் என்ன செய்தாளோ” என்று பெருமூச்செறியும் பாட்டி, மனுவைப் படித்தவளா? நூல் அலமாரியில் உறங்கும். நஞ்சு நாவிலே நடமாடும்.

இப்போது அறிவு வந்த வழியைப் பாருங்கள். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யவந்தார் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர். அங்கே பிறந்து வளர்ந்தோர் பற்களில் பழுப்புக் கறை. பன்றி இறைச்சி அதிகம் உண்டதால் என்றனர் சிலர். பால் கெட்டதால் என்றனர் சிலர். மடமை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமான சரக்கன்று! மெக்கே கணக்கெடுத்தார். 1909இல் தெரிந்தது, அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குக் கறை இருந்தது என்று. பிற்பாடு அவர் மற்றொன்றையும் கண்டார்: கறை படிந்த அப்பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை. வெளுத்த பல் சொத்தையாயிற்று. பழுத்த பல் நின்றது! (கறை மிகக் கடுமையாகிக் குழிவிழுந்த பல் உடைந்து உதிரும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், ஒரு பக்க உண்மை நமக்கு வேண்டாம்.)

1923இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்ற சிற்றூருக்கு மெக்கே சென்றார். வெந்நீர் ஊற்றொன்றிலிருந்து புதுக்குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுவந்த பிறகுதான் தங்கள் பிள்ளைகளின் பல் கெட்டது என்று அவ்வூர்ப் பெற்றோர் கூறினர். நீரில் இருக்கும் பொருள் என்னவென்று அவருக்கும் அப்போது தெரியாது. ஆனால் முடிவு தெளிவாகச் சொன்னார்: இந்தக் குழாயை விடுங்கள், அருகிலுள்ள வேறு ஊற்றைப் பயன்படுத்துங்கள். ஊரார் அப்படியே செய்தனர். சில ஆண்டுகளில், அடுத்து வளர்ந்த சிறுவர்களுக்குக் கறையற்ற நிலைப்பற்கள் முளைத்தன. பரிகாரம் செய்யவில்லை, நேர்த்திக்கடன் தீர்க்கவில்லை, குழாயை மாற்றினார்கள்!

பிறகு 1931இல், அலுமினிய நிறுவனமொன்றின் வேதியியல் அறிஞர் சர்ச்சில், அர்க்கன்சா மாநிலத்துப் பாக்சைட் என்ற ஊரின் நீரை நுணுகிச் சோதித்து, அளவுக்கு மீறிய ஃபுளூரைடே அது என்று கண்டறிந்தார். 1937இல் நம் பக்கத்துக்கும் செய்தி வந்தது. அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், பல் கறுத்ததோடு நில்லாமல் முதுகெலும்பும் மூட்டும் இறுகிக் குனிந்துபோன உழவர்களை ஷார்ட் முதலான மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினர். கிணற்று நீரே காரணம் என்றனர். முற்பிறவியிலே கள்ளுக் குடித்தவர்களெல்லாம் திட்டமிட்டு ஒரே மாவட்டத்தில், ஒரே கிணற்றடியில் வந்து பிறந்தார்களா? இந்த ஒரு கேள்வி போதாதா, வினைக் கோட்பாட்டை வாயடைக்கச் செய்ய?

நம் தமிழகத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் இக்கொடுமையை நெடுங்காலம் சுமந்தன. பாறையிடுக்கு நீர், ஆழ்துளைக் கிணறு ஆழமாக ஆழமாகச் சில இடங்களில் ஃபுளூரைடு கூடிற்று. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைத்தனர். ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய், ஜப்பானியக் கடனுதவி. கறுத்த பல்லுக்கு அறிவுலகம் தரும் விடை இதுதான். பெரிய விடை, பொறுமையும் பொருளும் அரசியல் உறுதியும் வேண்டும் விடை.

அந்த நீர் வருமுன்னரே பல் முளைத்துவிட்டவர்களுக்கு என்ன விடை?

இங்கேதான் நம் இளைஞர் சிலரோடு நமக்குக் கருத்து வேற்றுமை. “ஆடம்பரம்! முதலாளித்துவச் சந்தை காட்டும் மாயை! பாட்டாளி வீட்டுப் பெண்ணுக்கு வெண்பல் எதற்கு?” என்று அவர்கள் முழங்குகிறார்கள். முழங்குகிறவர் வாயைப் பார்க்கிறோம். வெள்ளைப் பல் வரிசை! எளிமையை உபதேசிப்பது என்றைக்கும் இருப்பவர்க்கு எளிது. இந்த மண்ணில் அழகாகத் தோன்றுவதே சிலர்க்கு உரிமையாகவும் பலர்க்குக் குற்றமாகவும் இருந்ததை மறந்தீர்களா? செருப்பணியலாகாது, குடை பிடிக்கலாகாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது என்று கட்டளையிட்ட ஊர்கள் இல்லையா? தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பட்ட அடியும் உதையும் எவ்வளவு! 1859இல் அரச ஆணை வரும்வரை அது தணியவில்லையே. அன்று அவர்களைப் பார்த்து, மானத்துக்கு ஆடையா முக்கியம், உள்ளம் தூய்மையாக இருந்தால் போதாதா என்று ஒருவன் பேசியிருந்தால் அவனை என்னவென்று அழைப்போம்? நாலுபேர் நடுவே கூசாமல் நிற்கவேண்டும் என்ற ஆசை ஆடம்பரமன்று.

எதிர்ப்புறத்திலிருந்து வேறொரு குரல். “என் உடல், என் பணம், என் விருப்பம்; தத்துவம் பேச நீங்கள் யார்?” இதில் முதல் இரண்டையும் மறுப்பதற்கில்லை. மூன்றாவதைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். விருப்பம் என்றால், வேண்டாம் என்று சொன்னாலும் இழப்பில்லாத நிலை இருக்கவேண்டும். வெளுத்தால் மணம், வெளுக்காவிட்டால் “சொல்லி அனுப்புகிறோம்” என்ற நிலையில், அவள் வெளுத்துக்கொள்வதை விருப்பம் என்று அழைப்பது, வரதட்சணையை மாமனார் மனமுவந்து தந்தார் என்று மாப்பிள்ளை வீட்டார் கூறுவதைப் போன்றது. 1961இல் சட்டம் போட்டு அந்த மனமுவப்பை நாடு குற்றம் என்றது. நகரத்திலே, வேலையும் வருவாயும் உள்ள ஒருவர், ஒரு மாறுதலுக்காகத் தம் பல்லின் நிறத்தை இரண்டு படி உயர்த்திக்கொள்கிறார் என்றால் அது விருப்பம், சட்டை வாங்குவதுபோல. அதிலே நமக்கு வழக்கில்லை. இரண்டும் ஒரே நாற்காலியில், ஒரே மருந்தால் நடப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடா.

அப்படியானால், அந்தப் பெண்ணைத் தடுப்பதா? கட்டாயத்தால் பிறந்த செயலுக்கு நீ உடன்படாதே, சமுதாயம் திருந்தும்வரை கறைப் பல்லோடு தலைநிமிர்ந்து நில் என்று சொல்வதா? கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் விலையைக் கொடுப்பது யார்? நாம் கட்டுரை எழுதுவோம், மேடையேறுவோம். அவள் மட்டும் நம் கொள்கையின் விளம்பரப் பலகையாக வீட்டுத் திண்ணையில் காத்திருக்கவேண்டுமா? பிறர் வாழ்க்கையை முதலாகப் போட்டு நாம் நடத்தும் சீர்திருத்தம் சீர்திருத்தமன்று. ஒருத்தி தானே முன்வந்து, இந்தக் கறையோடுதான் நிற்பேன் என்றால் அவளை வணங்குவோம். கேட்டுப் பெறக்கூடிய தியாகமன்று அது.

ஆகவே நாம் சொல்வது: செய்துகொள்ளட்டும். எலுமிச்சையை விட்டுவிட்டு, பட்டம் பெற்ற பல் மருத்துவரிடம் செல்லட்டும். அவளுக்கு முழு உண்மையும் சொல்லப்படட்டும். வெளுப்பு மருந்தால் பழுப்பு ஓரளவு மங்கும். வெள்ளைத் திட்டு மறையாது, தொடக்கத்தில் இன்னும் எடுப்பாகவும் தெரியலாம். அமிலமும் நுரைக்கல் தூளும் கொண்டு மேற்பரப்பை மிக மெல்லியதாக உராய்ந்தெடுக்கும் முறை அவள் கறைக்கு ஏற்றதாயிருக்கலாம். குழி விழுந்திருந்தால் மேலே பூச்சோ உறையோ வேண்டிவரும்; அதற்குச் செலவும் மிகுதி, ஆண்டுகள் கழித்து மாற்றவும் வேண்டும். எதுவும் நிலையானதன்று. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி.

ஆனால் அந்தச் செலவு அவள் மடியிலிருந்தா? இதை நாம் ஒப்பவில்லை. குடிக்கக் கொடுத்த நீரால் வந்த கறை அவள் குற்றமல்லவே. அழகுச் சிகிச்சை என்று பெயரிட்டுப் பல் மருத்துவமனைகள் அதைத் தனி விலைப்பட்டியலில் வைக்கின்றன. இழப்பீடு என்று பெயரிட்டு அரசு அதை ஏற்கவேண்டும் என்கிறோம். 1953இல் சென்னையில் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ள கல்லூரிகளும் இருக்கின்றன. நீரால் கறையேறிய பல்லுக்கு அங்கே கட்டணமின்றி வைத்தியம், மாவட்ட மருத்துவமனை வரைக்கும் அந்த வசதி என்று கேட்பது பிச்சையன்று. ஆலைப் புகையால் நுரையீரல் கெட்டவன் இழப்பீடு கேட்டால் அழகுக்காகக் கேட்கிறான் என்கிறோமா?

மணமகன் கோலம் பூணவிருக்கும் தோழருக்கும் ஒரு சொல். புரோகிதரில்லாத திருமணத்துக்கு 1967இல் சட்டம் கிடைத்தது. நெருப்பு வளர்க்காமல், புரியாத மந்திரம் இல்லாமல், மாலை மாற்றிக்கொள்ளலாம். மேடையிலே தலைவர்கள் வாழ்த்துவர். கைதட்டல் வானைப் பிளக்கும். ஆனால் அந்த மேடைக்கு வருமுன், பெண் வீட்டுக் கூடத்தில், பாயில் அமர்ந்து, அவள் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்த கண் ஒன்று உண்டே. மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்த்து வயதும் விலையும் சொல்லும் தரகன் கண்ணுக்கும் அதற்கும் தூரம் எவ்வளவு? புரோகிதரை வாசலிலே நிறுத்திவிட்டு, மனுவின் மூன்றாம் அத்தியாயத்தைப் பையிலே வைத்துக்கொண்டு உள்ளே போவதா? அவள் பல்லைப் பார்க்கவே கூடாதென்று சொல்லவில்லை. கண் இருந்தால் தெரியத்தான் செய்யும். தெரிந்ததும் நெஞ்சில் எழும் முதற்கேள்வி, இந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதாக இருக்கட்டுமே!

அந்தக் கேள்வியோடுதான் குன்னத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் எல்லையும் அந்த 1.5தான். ஒரே ஊரில் ஒரு கிணறு நல்லதாகவும் அடுத்தது கெட்டதாகவும் இருக்கக்கூடும். நாவுக்குச் சுவை தெரியாது, கண்ணுக்கு நிறம் தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்றச் செறிவு கூடும். நிலைப்பற்களின் எனாமல், கடைசிக் கடைவாய்ப் பல் நீங்கலாக, பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயதுக்குள் உருவாகி முடிகிறது. அந்த 8 ஆண்டில் குடித்த நீர்தான் பல்லிலே எழுதுகிறது. அதற்குப் பிறகு எத்தனை நல்ல நீர் குடித்தாலும் எழுதியது அழியாது. 20 வயதிலே வெளுப்புக் களிம்பு தேடுகிறவளுக்கு நாம் செய்யத் தவறியது, அவளுடைய 3ஆம் வயதிலே, 4ஆம் வயதிலே செய்திருக்கவேண்டிய ஒன்று. இன்று அங்கன்வாடியில் அமர்ந்து சத்துணவு உண்ணும் குழந்தைக்கு அந்தக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ச் சோதனைக் கூடம் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், ஊருக்கு 5 பெண்களுக்குக் கையடக்கப் பெட்டி கொண்டு நீரைச் சோதிக்கப் பயிற்சி தருவதென்று ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார், பெட்டி எங்கே உறங்குகிறது, கடைசியாக எந்தக் கிணற்று நீரை எடுத்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். சோதனை கடினமன்று. குறித்த அளவு நீரில் மருந்துத் துளிகளை விட்டு, பெட்டியிலுள்ள நிற அட்டையோடு ஒத்துப் பார்க்கவேண்டும். ஃபுளூரைடு குறைவென்றால் நீர் இளஞ்சிவப்பாக நிற்கும். கூடக் கூட மஞ்சளை நோக்கி நகரும். பல் மருத்துவரின் நிற அட்டையைவிட இந்த அட்டைக்கு நம் ஊர்களில் வேலை அதிகம். மஞ்சள் காட்டினால், கிணற்றின் பெயர், நாள், அளவு மூன்றையும் குறித்து வாரியக் கூடத்தில் மறுசோதனை செய்து சான்று வாங்குங்கள். ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது கிராமசபை. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாள். அன்று அந்தச் சான்றைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிய பக்கத்தின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.